அப்பா வழியில் வந்தது: பிஆர்சிஏ1 குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

33 வயதுப் பெண். ஆறு வயதில் ஒரு மகள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. கணவரோடு மரபணு ஆலோசனைக்கு வந்தவர், உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "எங்க அக்காவுக்கு மார்பகப் புற்று, மேடம். சித்திக்கும் இருந்துச்சு. எனக்கும் வருமான்னு தெரிஞ்சுக்கணும்."

இதே கேள்வியை அவர் முன்பே வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இருந்ததா, அம்மாகூடப் பிறந்தவர்களுக்கு இருந்ததா என்று மட்டும் விசாரித்துவிட்டு, "அம்மா வழியில யாருக்கும் இல்ல, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. மார்பகமும் சினைப்பையும் பெண்களின் உறுப்புகள் என்பதால் இந்தப் புற்றுகளும் பெண் வழியாகத்தான் இறங்கும் என்று படித்தவர்கள்கூட நினைத்துவிடுகிறார்கள். மாற்றம் ஏற்பட்டால் இந்தப் புற்றுகள் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு இருப்பது 17ஆம் குரோமோசோமில், அதே போன்ற பிஆர்சிஏ2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. அம்மாவிடமிருந்து எவ்வளவு வர வாய்ப்போ, அப்பாவிடமிருந்தும் அவ்வளவே. அப்பா நோய் நொடியின்றி எண்பது வயது வரை இருப்பார். அவர் வழியாக மகளுக்கு அது போயிருக்கும்.

ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

யார் வயிற்றில் பிறந்தவர்?

முதல் வேலை குடும்பப் படம் வரைவது. மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு, புற்று வந்தவர்களுக்கு உள்ளே நிரப்பு. பக்கத்தில் எந்த உறுப்பு, எந்த வயதில் என்று எழுதுவோம்.

தமிழில் இந்தப் படம் வரைவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. "அக்கா" என்றதும் நான் இவருக்கு நேர் மூத்தவராக ஒரு வட்டம் போட்டு உள்ளே நிரப்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அது பெரியப்பா மகள் என்று தெரிந்தது. "சித்தி" அம்மாவின் தங்கை இல்லை, சித்தப்பாவின் மனைவி. அவருக்கு 68 வயதில் மார்பகப் புற்று வந்திருக்கிறது. ரத்த உறவு இல்லாததால் இந்தக் கணக்கில் அவருக்கு இடமே இல்லை. அத்தை, மாமா, பெரியம்மா என்று நாம் அன்றாடம் அழைக்கும் முறைகளில் பாதி ரத்த உறவையும் குறிக்கும், மண உறவையும் குறிக்கும். அன்றிலிருந்து ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: "அவங்க யார் வயித்துல பொறந்தவங்க?" இதற்கு யாரும் தவறாகப் பதில் சொல்வதில்லை.

இப்படிக் கேட்டபோதுதான் அத்தை வெளியே வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, 46 வயதில் இறந்துபோனவர். "அவங்களுக்குப் புற்று இல்ல, வயித்துல நீர் கோத்துக்கிட்டுச் செத்துப்போனாங்க" என்றார் இவர். எனக்குப் பேனா நின்றுவிட்டது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் நீர் கோத்தது என்றால் கல்லீரலையும் நினைக்க வேண்டும், சினைப்பையையும் நினைக்க வேண்டும். பழைய காகிதம் ஏதாவது இருக்குமா என்று வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்சார்ஜ் தாள் வந்தது. நான்காக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருந்தது. ஆண்டு 1992. மை மங்கியிருந்தாலும் இரண்டு சொற்கள் தெரிந்தன: சினைப்பை, சீரஸ். இந்தக் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளாக "வயித்துக் கோளாறு" என்று சொல்லப்பட்டு வந்தது, பிஆர்சிஏ மரபணுவோடு நெருங்கிய தொடர்புள்ள புற்று வகை. எபிதீலியல் (மேலுறைச் செல்களில் தொடங்கும்; சீரஸும் இதில் அடங்கும்) வகைச் சினைப்பைப் புற்று வந்த எந்தப் பெண்ணுக்கும், வயது எதுவானாலும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், மரபணுப் பரிசோதனை செய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல்.

அப்பாவின் அம்மா, அதாவது இவருடைய பாட்டி, ஐம்பதுகளில் "மார்பில் புண்" வந்து இறந்திருக்கிறார். அதற்குக் காகிதம் ஒன்றும் இல்லை. பெரியப்பா மகளுக்கு 40 வயது, டிரிபிள் நெகடிவ் (வழக்கமாகப் பார்க்கும் மூன்று ஏற்பிகளும் இல்லாத) வகை மார்பகப் புற்று, கீமோ நடந்துகொண்டிருந்தது. மூன்று வட்டங்களும் ஒரே பக்கத்தில், அப்பா வழியில், வரிசையாக நின்றன.

முதலில் யாருக்கு?

அன்றே ரத்தம் எடுத்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்து வந்தார். வேண்டாம் என்றேன். நோய் வந்தவருக்கு முதலில் பார்த்தால்தான் விடை உறுதியாகக் கிடைக்கும். நோய் வராத இவருக்கு மட்டும் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், குடும்பத்தில் ஓடும் மாற்றம் இவருக்கு இறங்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா, இந்தச் சோதனையால் பிடிக்க முடியாத வேறொன்று ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதா? சொல்ல முடியாது. அந்த "இல்லை"யை நம்பி ஒருவர் கண்காணிப்பை விட்டுவிட்டால் ஆபத்து.

அக்காவிடம் நான் நேரடியாகப் பேச முடியாது, பேசவும் கூடாது. இவர்தான் போய்க் கேட்டார். "எனக்கு வந்ததுதான் வந்தாச்சு, இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்று முதலில் சொல்லியிருக்கிறார் அக்கா. கீமோவின் நடுவில் இருப்பவர் அப்படிச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்கே அதில் பயன் உண்டு. பிஆர்சிஏ1 மாற்றம் இருந்து ஒரு மார்பகத்தில் புற்று வந்தவர்களில், 20 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 100க்கு 40 பேருக்கு மறு மார்பகத்திலும் வருகிறது. சினைப்பையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களின் புற்றுக்குக் கொடுக்கும் ஓலாபரிப் போன்ற மருந்து பொருந்துமா என்று அவருடைய மருத்துவர் பார்க்கவும் இந்த விடை வேண்டும். இவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அக்கா சம்மதித்தார்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் இருந்தன. பிஆர்சிஏ1இல் நோய் உண்டாக்கும் மாற்றம் ஒன்று. ஏடிஎம் என்ற இன்னொரு மரபணுவில், பொருள் இன்னும் உறுதியாகாத மாற்றம் ஒன்று. இந்த இரண்டாவதால் பிறகு ஒரு வினை வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா

அக்காவுக்கு இருக்கிறது என்றால் பெரியப்பா வழியாக வந்திருக்க வேண்டும், பெரியப்பாவுக்குப் பாட்டியிடமிருந்து. அப்படியானால் இவருடைய அப்பாவுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி, இவருக்கு நாலில் ஒன்று. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இவருக்கு நேராகப் பரிசோதனை செய்து "இருக்கிறது" என்று வந்துவிட்டால், அப்பாவுக்கும் இருக்கிறது என்பது அவர் ஒரு சொட்டு ரத்தம்கூடக் கொடுக்காமலே தெரிந்துவிடும். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை அவருக்கும் உண்டல்லவா? அப்பாவை வருத்தப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் எதுவுமே சொல்லாமல் இருந்தார் இவர். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. இந்த நிலைமையை மட்டும் விளக்கினேன்.

அடுத்த முறை அப்பாவே வந்தார். 64 வயது. "முதல்ல எனக்குப் பாருங்க. எனக்கு இல்லைன்னா பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தொல்லை விட்டுது" என்றார். சரியான கணக்கு. அவருக்கு இல்லை என்று வந்திருந்தால் இவரும் இவருடைய தம்பியும் அன்றே விடுபட்டிருப்பார்கள்.

இருக்கிறது என்று வந்தது.

முடிவைச் சொன்ன அன்று அவர் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த அந்த மடிப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "எங்க அக்காவுக்கு அப்பவே இதைப் பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"

இதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது, சொன்னேன். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுக்கான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் காட்டியது 1990இல். எந்த மரபணு என்று பிரித்தெடுத்தது 1994இல். அத்தை இறந்த 1992இல் உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் இந்தப் பரிசோதனை கிடையாது. யாரும் எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. அவர் தலையை ஆட்டினார். தாளை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளுக்குத் தான் "கொடுத்துவிட்டதாக" அவர் பட்ட வேதனை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அதற்காக மனநல ஆலோசகரை இரண்டு முறை பார்த்தார். அவரை நான் முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். புற்று வராதவர், ஆண், வயதானவர் என்பதால் அவரைப் பற்றி அதிகம் யோசிக்காமல் விட்டது என் குறை.

72

இவருக்கும் இருக்கிறது என்று வந்தது. இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

முடிவைச் சொன்ன அதே நாற்பது நிமிடத்தில் எண்களையும் கொட்டிவிட்டேன். 2017இல் வெளியான ஆய்வு, பிஆர்சிஏ மாற்றம் உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. அதன்படி பிஆர்சிஏ1 உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்று, 44 பேருக்குச் சினைப்பைப் புற்று. பொதுவாகப் பெண்களிடம், அமெரிக்கக் கணக்கில், மார்பகப் புற்று 100க்கு 13 பேருக்கு, சினைப்பைப் புற்று ஒருவருக்குச் சற்று மேல். எல்லாம் சரியான எண்கள். இரண்டு நாள் கழித்துக் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "தூங்கவே மாட்டேங்கறா, மேடம். 72 சதவீதம் செத்துப்போவேன்னு சொல்றா. எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க. எனக்கு அவ இருந்தா போதும்."

நான் சொன்னது, வாழ்நாள் முழுக்க நோய் வரும் வாய்ப்பு. அவர் காதில் விழுந்தது, சீக்கிரமே சாவதற்கான வாய்ப்பு.

அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நான் எதையும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. ஒரு தாளில் நூறு சின்ன வட்டங்கள் போட்டு, பென்சிலை அவர் கையில் கொடுத்தேன். "இந்த நூறு பேரும் உங்களை மாதிரியே. அதே மாற்றம், அதே வயசு. இந்த ஒரு வருஷத்துல இதுல எத்தனை பேருக்கு வரும்னு நெனைக்கறீங்க?" அவர் முப்பதுக்கு மேல் நிரப்ப ஆரம்பித்தார். அந்த ஆய்வின்படி பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு மார்பகப் புற்று வரும் வேகம் முப்பதிலிருந்து நாற்பது வயது வரை ஏறி, பிறகு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 20 முதல் 30 பேர். நூறு வட்டத்தில் இரண்டு அல்லது மூன்று. அழித்துவிட்டு மூன்றை மட்டும் நிரப்பினார். பத்தாண்டுக்கு இன்னொரு தாள்: ஏறத்தாழ 20லிருந்து 25 வட்டம். மூன்றாவதாக ஒரு தாளில் 80 வயது வரைக்கும். அதே 72தான். ஆனால் இப்போது அது வருடக் கணக்காக அவர்முன் பரந்து கிடந்தது. நிரப்பாமல் விட்ட வட்டங்களையும் அவர் விரலால் தொட்டு எண்ணினார். ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்ட நான் முயலவில்லை. 72 பெரிய எண்தான், அதையும் சொன்னேன். எந்தக் கால அளவில் என்று சொல்லாமல் சொல்லப்படும் எண்ணால் யாருக்கும் உதவி கிடையாது.

பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியைப் பற்றியும் கேட்டார். கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். 2013இல் அவர் எழுதிய கட்டுரையில் தனக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 87 சதவீதம் என்று மருத்துவர்கள் கணித்ததாகச் சொல்லியிருந்தார். அது 87, நான் சொல்வது 72, எதை நம்புவது? ஆரம்பக் கால ஆய்வுகள், பலருக்குப் புற்று வந்த குடும்பங்களையே தேடி எடுத்து நடந்தவை. அதனால் அவற்றின் எண்கள் மேலே இருந்தன. இன்னொன்றையும் சொன்னேன். அவர் மார்பகங்களை எடுத்துக்கொண்டது 2013இல், சினைப்பைகளை எடுத்துக்கொண்டது 2015இல். நடுவில் இரண்டு ஆண்டு. அதைக் கேட்டதும் இவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு வகை முடிவுகள்

கணவரை இருபது நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பயத்தில் பேசினாலும் அன்பில் பேசினார். ஆனாலும் தனியாக விட்ட பிறகுதான் இவர் சொன்னார்: "எனக்கு இன்னொரு குழந்தை வேணும், மேடம். இந்த நேரத்துல அதைக் கேக்கறதே தப்போன்னு இருக்கு." முதல் சந்திப்பிலேயே தனியாகப் பேசியிருந்தால் ஒரு மாதம் முன்னமே இது தெரிந்திருக்கும்.

எங்கள் துறையில் ஆலோசகர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல விதி. ஆனால் அதை எல்லா முடிவுகளுக்கும் ஒரே மாதிரி பொருத்தினால் அது நேர்மையாக இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். சில கேள்விகளுக்கு மருத்துவத்திடம் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் பதில் இருக்கிறது. எது எந்த வகை என்று வாய்விட்டுச் சொல்வது ஆலோசகரின் கடமை.

சினைப்பை முதல் வகை. அதைக் கண்காணித்துக் காப்பாற்றும் வழி இன்றைக்கு இல்லை. ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே இருந்தால் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிரிட்டனில் சாதாரண ஆபத்துள்ள இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அப்படிக் கண்காணித்தும் சினைப்பைப் புற்றால் வரும் சாவு குறையவில்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் இந்தச் சோதனைகள் அறுவை சிகிச்சைக்கு மாற்றாகா. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, 35லிருந்து 40 வயதுக்குள் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் எடுத்துவிடும்படி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது, மொத்த இறப்பும் குறைகிறது. குழாயை விட்டுவைக்கக் கூடாது, இந்தப் புற்றுகளில் பல குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன. எடுத்த பிறகும் வயிற்று உள்ளுறையில் புற்று வரும் சிறு வாய்ப்பு மிச்சம் இருக்கும். இதை அவரிடம் நேராகவே சொன்னேன்: "இதுல என் கருத்து என்னன்னு கேட்டீங்கன்னா, நாற்பது வயசுக்குள்ள எடுத்துடுங்க. ஆனா இன்னைக்கு இல்ல. குழந்தைக்கு உங்களுக்கு நேரம் இருக்கு."

அதற்கான விலையையும் மறைக்கவில்லை. மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுபோகும். உடல் தகிப்பு, தூக்கமின்மை, எலும்பு தேய்வது, இதயத்துக்கான ஆபத்து. மார்பகப் புற்று வராதவர்களுக்கு, இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை, ஹார்மோன் சிகிச்சை கொடுத்து இவற்றைச் சமாளிக்கலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அறுவைக்குப் பின் தவித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்பகம் இரண்டாவது வகை. இங்கே கண்காணிப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. 25 வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை எம்ஆர்ஐ, 30க்குப் பிறகு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேர்த்து. இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிட்டால் புற்று வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல் குறையும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒழுங்காக எம்ஆர்ஐ எடுத்து ஆரம்பத்திலேயே பிடித்துச் சிகிச்சை பெறுபவர்களோடு ஒப்பிட்டால், உயிர் பிழைப்பதில் எவ்வளவு வித்தியாசம் என்பது சினைப்பை விஷயத்தைப் போல ஒரேயடியாகத் தெளிவாக இல்லை. எதை உங்களால் சுமக்க முடியும்? ஒவ்வோர் ஆண்டும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களையா, தொடு உணர்வு போய்விட்ட, தழும்புள்ள நெஞ்சையா? இதற்கு நான் விடை சொல்ல முடியாது. கேட்டால்கூடச் சொல்ல மாட்டேன்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் தமாக்சிபன் மாத்திரையைப் பற்றியும் பேசினோம், சுருக்கமாக. பிஆர்சிஏ1 கட்டிகளில் பெரும்பாலானவை ஹார்மோன் ஏற்பி இல்லாதவை, அதனால் இவருக்கு அதில் நம்பிக்கை வைக்கப் பெரிய ஆதாரம் இல்லை.

கடைசியில் ஒரு தாளை மூன்றாக மடித்தோம். முதல் பகுதியில் "இந்த ஆண்டு": எம்ஆர்ஐ, குழந்தையைப் பற்றிய முடிவு. இரண்டாவதில் "நாற்பதுக்குள்": சினைப்பை. மூன்றாவதில் "எப்போது வேண்டுமானாலும், அல்லது வேண்டவே வேண்டாம்": மார்பக அறுவை. அந்த மூன்றாவது தலைப்பை அவரே தன் கையெழுத்தில் எழுதினார்.

குழந்தை விஷயத்தில் இரண்டு குறிப்புகள். கருவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைக் கருப்பையில் வைக்கும் சோதனைக்குழாய் முறை உண்டு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார், வேண்டாம் என்றார். "எனக்கே இருக்கு, நான் இருக்கேன்ல" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் நான் பேச ஒன்றும் இல்லை. கர்ப்ப காலத்தில் மார்பக எம்ஆர்ஐ எடுக்க மாட்டார்கள் என்பதால் கருத்தரிக்கும் முன்பே ஒன்றை எடுத்துவிடும்படி சொன்னேன். ஆறு வயது மகளுக்கும் பார்த்துவிடலாமா என்று கணவர் கேட்டார். கூடாது. 25 வயது வரை அவளுக்குச் செய்யப்போவது ஒன்றுமில்லை. பெரியவளானதும் தெரிந்துகொள்ளலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம் மருத்துவக் காப்பீட்டில் மரபணுவைக் காரணம் காட்டத் தடை போட்டது, ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. பரிசோதனைக்கு முன்பே இதை விசாரித்துவிடுவது நல்லது.

இரண்டாம் பக்கம்

அக்காவின் சொந்தத் தங்கை, 36 வயது, வேறோர் இடத்தில் பரிசோதனை செய்துகொண்டார். "உங்களுக்கும் இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மார்பகங்களை எடுக்க எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்று கேட்க அவர் இவரோடு வந்தபோதுதான் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்தில்: பிஆர்சிஏ1 குடும்ப மாற்றம் காணப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில்: ஏடிஎம் மாற்றம் காணப்படுகிறது, பொருள் உறுதியாகவில்லை. சொன்னவர் இரண்டாம் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்.

மரபணு மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறை 2015இல் வந்தது: தீங்கற்றது, பெரும்பாலும் தீங்கற்றது, உறுதியாகாதது, பெரும்பாலும் நோய் உண்டாக்குவது, நோய் உண்டாக்குவது. நடுவில் இருப்பதை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்யக் கூடாது. பிறகு தரம் மாற்றப்படும்போது அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கத்துக்கே போகின்றன. குடும்பத்தில் ஓடும் மாற்றம் இந்தத் தங்கைக்கு இறங்கவில்லை. அதனால் வரக்கூடிய ஆபத்து இவருக்கு இல்லை, மற்றப் பெண்களைப் போல வயதுக்கேற்ற பரிசோதனைகள் போதும். இதைச் சொன்னபோது அவர் மகிழ்ச்சியில் குதிக்கவில்லை. "அக்காவுக்கு மட்டும் ஏன்?" என்று அழுதார். விடுபட்டவர்களுக்கும் ஆலோசனை தேவைப்படுகிறது.

அதற்குப் பிறகு

முதல் எம்ஆர்ஐயை மாதவிலக்கு தொடங்கி 7லிருந்து 15 நாளுக்குள் எடுத்தார். அந்த நாட்களில்தான் படம் தெளிவாக வரும். இடது பக்கம் ஒரு புள்ளி. பயாப்சி. ஒன்பது நாள் காத்திருப்பு. இப்படி ஒன்று வரக்கூடும், பெரும்பாலும் அது புற்றாக இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் அந்த ஒன்பது நாளில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். முடிவு நார்க்கட்டி, தீங்கற்றது. மறுநாள் அழைத்து, "மூணாவது பகுதியை மறுபடி யோசிக்கணும் போலிருக்கு" என்றார். யோசித்தார். மார்பக அறுவை மருத்துவரையும், அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணையும் சந்தித்துப் பேசினார். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார். "இப்போதைக்கு" என்ற சொல்லை நான் அவர் கோப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.

35 வயதில் இரண்டாவதாக ஒரு மகன் பிறந்தான். பாலூட்டி முடித்ததும் எம்ஆர்ஐ மறுபடி தொடங்கியது. இப்போது அவருக்கு 37. சினைப்பை அறுவைக்கு 39 வயது என்று குறித்திருக்கிறார், அதற்காக எலும்பு அடர்த்தியை இப்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டார். அக்கா சிகிச்சை முடித்து, சினைப்பைகளை எடுத்துக்கொண்டு, நலமாக இருக்கிறார். அத்தைக்கு ஒரு மகன் உண்டு, குடும்பத்தோடு தொடர்பில்லாதவர். அவருக்கும் கடிதம் போனது, பதில் இல்லை.

தம்பிக்கு இப்போது 33. "ஆம்பளைக்கு என்ன வந்துடப்போகுது" என்று நான்கு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். பிஆர்சிஏ1இல் ஆண்களுக்கு ஆபத்து குறைவுதான், ஆனாலும் மார்பகப் புற்று ஆண்களுக்கும் வரும், பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்போ அதே பாதிக்குப் பாதி. நான் அவரை ஒரு முறைகூட அழைக்கவில்லை. போன மாதம் அவரே அழைத்தார். மனைவிக்கு ஐந்தாம் மாதம் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதுக்கு ரத்தம்தான் குடுக்கணுமா மேடம், எச்சில் போதுமா?" என்று கேட்டார். எச்சிலும் போதும், ஆனால் முதலில் வந்து உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். வரும் வாரம் வருகிறார்.